மூன்றாம் கட்டில் தண்ணீர் குடிக்கவில்லை

பெப்ரவரி 3, திங்கள்

எழும்பும்போதே லண்டன் மழை. குட்மேய்ஸ் ஸ்டேஷனில் ரயில் தாமதம், வந்ததிலும் இடமில்லை, நின்றபடியே போனேன். சப்பாத்துக்குள் தண்ணீர். நாள் முழுக்க ஈரக் காலுறை.

வார்டு நிறைய இடுப்பெலும்பு முறிந்த வயோதிபர்கள். தாதி ஒருத்தி குறைவு. எனக்கு ஆண்கள் அறை, ஆறு கட்டில். உதவிக்கு அபீனா. அவள் தாதி இல்லை, உதவியாளர். கானாவில் பள்ளிக்கூட ரீச்சராக இருந்தவளாம். அவள் கூட நின்றால் பாரம் பாதி.

ஐந்தாம் கட்டில், ஆங்கிலேயர், மறதி நோய். விடிந்ததும் மூத்திரப் போத்தலை என் மேல் எறிந்தார். "உன் நாட்டுக்குப் போ, கறுத்த நாயே." ஹெலன் ஓடி வந்தாள் (வார்டுப் பொறுப்பாளர், என்னிலும் இளையவள், கெட்டவள் இல்லை). எனக்குப் புதுச் சீருடை, சூடான தேநீர், நிரப்ப ஒரு முறைப்பாட்டுப் படிவம். "இங்கே இனவாதத்துக்கு இடமில்லை, டயா. இதை நாம் விட மாட்டோம்." சுவரிலும் அப்படித்தான் போஸ்டர் ஒட்டியிருக்கிறது. அரை மணி கழித்து ஐந்தாம் கட்டில் என்னிடமே ரோஸ்டுக்கு மாமலேட் கேட்டார். கொடுத்தேன். அவர் எறிந்தது அவருக்கே நினைவில்லை. அப்படியானவர்மேல் கோபப்பட எனக்குத் தெரியாது.

மூன்றாம் கட்டில் புது ஆள். எழுபத்தெட்டு வயது, படியில் விழுந்து சனிக்கிழமை சத்திரசிகிச்சை. யாழ்ப்பாணத்தவர். என் பெயர் அட்டையை வாசித்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"பிள்ளை தமிழோ?"

"ஓம் ஐயா."

"அப்பாடா! வாய் திறந்து கதைக்க ஆளில்லாமல் கிடக்கிறன். இவையின்ர இங்கிலீஷ் எனக்குப் பிடிபடாது. இரும் பிள்ளை, கொஞ்சம் இரும்."

இருக்க நேரமில்லை. தலையணையை உயர்த்தி, தேத்தண்ணீர் ஊற்றிக் கையில் கொடுத்து, நாடி பிடித்தேன்.

"ஊரில எவடம்?"

ஊர்ப் பெயர் சொன்னேன்.

"அட, எங்களுக்குப் பக்கத்து ஊரெல்லோ! அதில எவடம்? கோயிலடியோ?"

"கொஞ்சம் அங்கால ஐயா."

"அங்கால எண்டால்? பள்ளிக்கூடத்துக்கு இஞ்சாலையோ, அங்காலையோ?"

"அங்கால."

"அப்பான்ர பேர்?"

சொன்னேன். கல்யாண வீடுகளில் இப்படிக் கேட்பவர்களுக்குக் கொழும்பு என்று சொல்லித் தப்பிவிடுவேன். இன்று நாடியை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணும்போது பொய் வராது.

"ஓ," என்றார். "தெரியும், தெரியும்."

கையை என் விரல்களுக்குள்ளிருந்து இழுத்துக்கொண்டார். தேத்தண்ணீரை மேசையில் வைத்தார். ஒரு மிடறும் குடிக்கவில்லை.

மத்தியானம் கூப்பிட்டார். "இஞ்ச வா. இந்தக் கோப்பையைக் கொண்டு போ."

காலையில் மரியாதையாக "இரும்". மத்தியானம் "வா". இவ்வளவுதான் நடந்தது. யாரிடமும் சொல்லிக் காட்ட ஏலாத அளவு சின்ன விஷயம்.

பால் முடிந்துவிட்டது. மகள் மிதுலாவின் கணக்கு ரியூஷனுக்கு போன் எடுக்க வேண்டும்.

பெப்ரவரி 4, செவ்வாய்

குளிர். மழை இல்லை.

காலையில் மருந்துக் குளிசைகளைச் சின்னக் கிண்ணத்தில் போட்டு, தண்ணீரோடு நீட்டினேன். மூன்றாம் கட்டில் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"வேண்டாம்."

"நோவுக் குளிசை ஐயா. போடாட்டி நடக்க ஏலாது."

"அந்தக் கறுப்புப் பிள்ளையை வரச் சொல்."

அபீனா வந்து தண்ணீரைப் பிடித்தாள். மடமடவென்று குடித்தார். "தாங்க் யூ, தாங்க் யூ," என்று அவளுக்குக் கும்பிடு வேறு. அவள் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். "என்மேல் காதல், டயா. பொறாமைப்படாதே." சிரித்தேன். என்ன செய்ய? கறுப்பர் கையால் குடிப்பார், வெள்ளையர் கையால் குடிப்பார். பன்றி இறைச்சி பரிமாறிய கையாலும் குடிப்பார். என் கையால் மட்டும் மாட்டார்.

ஆறாம் கட்டில் பதினொரு மணிபோல் செத்துப்போனார். நல்ல மனிதர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. நானும் அபீனாவும் கழுவித் துடைத்துச் சீலை மூடினோம். கட்டில் ஆறுவதற்குள் கீழேயிருந்து போன் வந்துவிட்டது: நடைபாதையில் இரண்டு நாளாகத் தள்ளுகட்டிலில் ஒருவர் கிடக்கிறார், இடம் எப்போது கிடைக்கும்? சவச்சாலைக்காரர் ஒரு கதவால் போக, புது ஆள் மறு கதவால் வந்தார். "இந்தக் கட்டில் சூடாக இருக்கிறதே," என்று சந்தோஷப்பட்டார்.

சாப்பாடு இல்லை. மூன்று மணிக்கு மருந்து அறையில் நின்றபடி இரண்டு பிஸ்கட்.

பெப்ரவரி 5, புதன்

லீவு. இரண்டு மெஷின் உடுப்பு. இல்ஃபோர்டில் கத்தரிக்காய், முருங்கைக்காய் (விலை கேட்டுவிட்டுத் திரும்ப வைத்தேன்), தோசை மா.

கணவர் குகனுக்குச் சொல்லுவோமா என்று யோசித்தேன். பேக்கரி வேலை முடிந்து களைத்து வந்தார். சோபாவிலேயே நித்திரை. சொல்லவில்லை.

நெதர்லாந்தில் இருந்தபோது எங்களை எல்லாரும் ஒன்றாகத்தான் "அகதி" என்றார்கள். அது ஒரு வகையில் நிம்மதி. மகள் தமிழ் படிக்கட்டும், தமிழாக்களோடு வளரட்டும் என்று லண்டனுக்கு வந்தோம். வந்துவிட்டோம்.

பெப்ரவரி 6, வியாழன்

அபீனா லீவு. அவளுக்குப் பதிலாக யாரும் இல்லை. இரண்டு அறைக்கு ஒரு உதவியாளன், அவனும் ஏஜென்சியிலிருந்து முதல் நாள் வந்தவன், பெரும்பாலும் மற்ற அறையில்.

மூன்றாம் கட்டில் காலைத் தேநீர் வேண்டாம் என்றார். பத்து மணித் தண்ணீர் வேண்டாம். மத்தியானம் சூப் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் குடிநீர் அட்டையில் எழுதினேன்: கொடுத்தேன், மறுத்தார். ஏன் என்று எழுத ஒரு வரி இடம் இருக்கிறது. வெறுமையாக விட்டேன்.

உறிஞ்சு குழாய் போட்ட கோப்பையை அவர் கைக்கெட்டுமிடத்தில் வைத்துவிட்டு விலகிப் போனேன். தொடவில்லை. வைத்தது நான். மூடி திறக்காத போத்தல் ஒன்று கொண்டுபோய் வைத்தேன். கை நடுக்கத்தில் அவரால் திறக்க முடியவில்லை. நான் திறக்கக் கையை நீட்டியதும் போத்தலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

பார்வையாளர் நேரத்தில் நாலாம் கட்டிலின் மனைவிக்குச் சைகை காட்டினார், தண்ணீர் என்று. அந்த மனுஷி பாவம், விதிப்படி நடக்கிறவள். தான் கொடுக்கலாமோ என்னவோ என்று மணியை அடித்து என்னைக் கூப்பிட்டுவிட்டாள். நான் போய்த் தண்ணீரோடு நின்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு வெடித்திருந்தது.

"ஐயா, உங்கட உயிர் ஐயா. கொஞ்சம் குடியுங்கோ."

"என்ர உயிர் எனக்குத் தெரியும்."

ஹெலனிடம் போனேன். அவர் என்னிடமிருந்து குடிக்க மாட்டேன் என்கிறார், வேறு ஆளை மாற்றுங்கள் என்றேன். "ஆள் எங்கே, டயா? ஜெலி கொடுத்துப் பார்." ஏன் குடிக்கவில்லை என்று கேட்டாள். பிடிவாதம் என்றேன்.

மாலை டொக்டர் பிரபு வந்தார். கோயம்புத்தூர்க்காரர், சின்ன வயது, நன்றாகச் சிரிப்பார். இவரிடமாவது உண்மையைச் சொல்லலாம், மொழிபெயர்க்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். நான் வாய் திறக்க முதல் மூன்றாம் கட்டிலே சொல்லிவிட்டார், நான் பக்கத்தில் நிற்க.

"டொக்டர், நீங்கள் நல்ல குடும்பத்துப் பிள்ளை. உங்களுக்குச் சொன்னால் விளங்கும். உவளை என்னட்ட விடாதேங்கோ. உவையின்ர கையால நாங்கள் பச்சைத் தண்ணியும் குடிக்கிறேல்லை. ஊரிலயும் குடிக்கிறேல்லை, இஞ்சையும் குடிக்க மாட்டன்."

டொக்டர் திரைச்சீலையைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். "சரிங்க ஐயா, பாக்குறேன்."

வெளியே ஹெலனிடம் ஆங்கிலத்தில்: "சின்னத் தொடர்பாடல் பிரச்சினை. முடிந்தால் வேறு தாதி நல்லது." முடியாது என்றாள் ஹெலன்.

நடைபாதையில் அவரைப் பிடித்தேன். "நீங்கள் கேட்டனீங்கள்தானே டொக்டர். நாள் முழுக்க ஒரு சொட்டும் இறங்கேல்லை. சேலைன் ஏத்துங்கோ."

"நாளைக்குக் காலைல ரத்தம் எடுப்பாங்கல்ல, பாத்துட்டு முடிவு பண்ணலாம்." இரண்டடி போய்த் திரும்பி வந்தார். குரலை இறக்கி, "சிஸ்டர், பெருசு பண்ணாதீங்க. வயசானவரு. நானே இங்க இன்னும் ரெண்டு மாசம்தான்."

பஸ்ஸில் வந்தேன். மேல்தட்டில் முன் இருக்கை. ஏன் என்று தெரியாது, ரயிலில் முகம் காட்ட விருப்பமில்லை.

பெப்ரவரி 8, சனி

காய்ந்த வெயில், பொய் வெயில்.

மூன்றாம் கட்டிலுக்கு நேற்றுச் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருக்கிறது. கையில் ஊசி, சேலைன். புத்தி தடுமாறிவிட்டது. போர்வையைப் பிய்க்கிறார், கூரையில் யாரையோ கூப்பிடுகிறார்.

மகள் வந்திருந்தாள். கீர்த்தனா. இங்கேயே பிறந்தவள், மருந்தாளர். முப்பத்தைந்து இருக்கும். தமிழ் பேசினால் வெள்ளைக்காரி தமிழ் பேசுவதுபோல் இருக்கும், ஆனால் "அக்கா" மட்டும் சுத்தமாக வரும். கட்டில் காலடியில் தொங்கும் குடிநீர் அட்டையை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

நான் போனதும் அவர் என் கையைப் பிடித்தார். இறுக்கி.

"தங்கச்சி, தண்ணி."

கரண்டியால் ஊட்டினேன். குடித்தார். "இன்னும், தங்கச்சி." கோப்பையை வாயில் வைத்தேன். முழுக்கக் குடித்தார். இன்னொரு கோப்பை. தாடையில் வழிந்ததைத் துடைத்துவிட்டேன்.

கீர்த்தனா போனில் வீடியோ எடுத்தாள். "அக்கா, அப்பா உங்களிட்ட மட்டும் குடிக்கிறார்! சோ ஸ்வீட். ஃபமிலி குரூப்பில போடட்டா?"

தலையாட்டினேன்.

மனம் இளகவில்லை. குடி, நன்றாகக் குடி, புத்தி திரும்பட்டும், நீ குடித்ததை உனக்கு யாராவது காட்டட்டும் என்றுதான் நினைத்தேன். தாதி நினைக்கக்கூடாதது. நினைத்தேன்.

குதிக்கால் வெடிப்பு. களிம்பு வாங்க வேண்டும்.

பெப்ரவரி 10, திங்கள்

தூறல்.

கடுதாசி வந்துவிட்டது, என்னைப் பற்றி. முறைப்பாடு. கீர்த்தனா சனி பின்னேரமே அனுப்பியிருக்கிறாள். "வியாழன் பகல் முழுவதும் என் தந்தை எதுவும் குடிக்கவில்லை. அட்டையில் 'மறுத்தார்' என்று மட்டும், காரணம் இல்லை. அன்று அவருக்குப் பொறுப்பாக இருந்த தாதி ஒருவரே." வார்த்தை மரியாதையாகத்தான் இருக்கிறது. ஹெலன் அலுவலகக் கதவை மூடிவிட்டு வாசித்துக் காட்டினாள். புதன் விசாரணை.

"மற்ற நாட்களில் குடித்திருக்கிறார், டயா. அபீனாவிடம் குடித்திருக்கிறார். நீ தனியே இருந்த நாளில் மட்டும் ஒன்றுமில்லை. இது பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும், சொல்லு."

மூன்றாம் கட்டிலுக்கு நேற்றுப் புத்தி தெளிந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் வந்து, தாத்தா தண்ணீர் குடிக்கும் வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். அபீனா சொன்னாள்: "என்ன மனிதர் அவர்? வாய் கொப்பளிக்கிற மருந்து கேட்டார். போத்தல் முழுவதும் கொப்பளித்துத் துப்பினார். பிறகு பிரஷ்ஷால் நாக்கைத் தேய்த்தார், ரத்தம் வரும்வரை தேய்த்தார். விடுங்கள் என்று பிடுங்கி எடுத்தேன். ஏன் அப்படி?"

வாய் நாற்றமாக்கும் என்றேன்.

பின்னேரம் கீர்த்தனா வந்தாள். ஒரு சின்னப் போத்தலில் கோயில் தீர்த்தம். தகப்பனுக்குப் பருக்கினாள், தலையில் தெளித்தாள். வெளியே வந்தபோது முகம் சரியில்லை. லினன் அலுமாரிக்குப் பக்கத்தில் என்னை மறித்தாள். முக்கால்வாசி ஆங்கிலம்.

"அக்கா, அப்பா எல்லாம் சொன்னார். ஐ ஆம் சோ சொறி. எனக்கு இதெல்லாம் தெரியாது. இது டிஸ்கஸ்டிங். நான் அவரோட சண்டை பிடிச்சனான்."

"அப்ப முறைப்பாட்டைத் திருப்பி எடுங்கோ."

அவள் கீழே பார்த்தாள். நகத்துக்கு நல்ல நிறம் பூசியிருந்தாள்.

"எடுத்தால் ஏனெண்டு கேப்பினம் அக்கா. நான் என்ன சொல்லுறது? அப்பா ஒரு... எண்டு எழுதச் சொல்லுறீங்களா? கோயில் கமிட்டியில இருக்கிறவர். எல்லாருக்கும் தெரிய வரும். வெள்ளைக்காரர் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்? உங்களையும் சேர்த்துத்தானே."

"எனக்கு வேலை போகும் பிள்ளை."

"போகாது அக்கா. ஒரு ரிமைண்டர் மாதிரித்தான் தருவினம். நீங்கள் ஸ்ட்ரோங்."

என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அவளுக்குத் தொட முடிந்தது. அதை அவள் எனக்குக் காட்ட விரும்பினாள் என்று நினைக்கிறேன்.

பெப்ரவரி 12, புதன்

ஐந்தாம் மாடி, யன்னல் இல்லாத அறை. ஹெலன், மனிதவளத்திலிருந்து ஒரு பெண், மடிக்கணினி, மேசையில் தண்ணீர்க் குடுவை. யாரும் அதிலிருந்து ஊற்றவில்லை.

ஏன் உன்னிடம் மட்டும் குடிக்கவில்லை என்று கேட்டார்கள். சொன்னேன். நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக இதை வாய்விட்டுச் சொன்னேன், அதுவும் ஆங்கிலத்தில். என் சாதியால் குடிக்கவில்லை.

"மன்னிக்கவும், எழுத்துக் கூட்ட முடியுமா?"

கூட்டினேன்.

"அது ஒரு மதப் பிரிவா?"

"இல்லை. அவரும் நானும் ஒரே மதம்."

"நோயாளி உங்கள் இனத்தவர்தானே?"

"ஓம்."

"ஒரே மொழி? ஒரே நாடு?"

"பக்கத்து ஊர்."

அவள் திரையில் எதையோ மேலும் கீழும் உருட்டினாள். இனம், மதம், பால், மாற்றுத்திறன். எந்தப் பெட்டியில் என்னைப் போடுவது என்று தேடுகிறாள். கடைசியில் "வேறு" என்பதை அழுத்தினாள். உண்மையாகவே உதவி செய்யத்தான் விரும்பினாள்.

டொக்டர் பிரபுவிடம் எழுத்தில் கேட்டிருந்தார்கள். அவர் பதில்: நோயாளி வயோதிபர், குழப்பமாக இருந்தார், சரியாக என்ன சொன்னார் என்பது நினைவில்லை, சேலைன் பற்றிக் கதைத்ததும் நினைவில்லை. இரண்டு மாதம் இருக்கிறவர்.

ஹெலன் உண்மையாகவே கவலைப்பட்டாள். "ஐந்தாம் கட்டில் உன்னைத் திட்டியபோது உடனே சொன்னாயே. இதை ஏன் அன்றே என்னிடம் சொல்லவில்லை?"

"ஐந்தாம் கட்டில் சொன்னது உங்களுக்கு விளங்கும்," என்றேன்.

முடிவு வெள்ளிக்கிழமை. அதுவரை மருந்து கொடுக்கும்போது பக்கத்தில் ஒருவர் நிற்பார். நான் பயிற்றிய பிள்ளை, போன வருஷம் வந்தவள், எனக்குப் பக்கத்தில் நின்று நான் குளிசை எண்ணுவதைப் பார்த்தாள். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. மருந்து நேரம் அரை மணி பிந்தியது.

வீடு. சொல்லத்தான் வேண்டியிருந்தது, குகனுக்கு. கோப்பையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"வெள்ளையளுக்கு முன்னால உந்தச் சாதிக் கதையைச் சொன்னனீரோ?"

"கேட்டவை. சொன்னனான்."

"வேற ஏதும் சொல்லியிருக்கலாம்தானே. இத்தனை வருஷமா ஒருத்தருக்கும் தெரியாமல் இருந்தனாங்கள். இப்ப பேப்பரில ஏத்திப் போட்டீர். மானத்தை நீரே கொண்டுபோய்க் குடுத்தனீர்."

அவருக்கு நொந்துவிட்டது, அதுதான். என்மேல் கோபமில்லை. ஆனால் என்மேல்தான் விழுந்தது.

மிதுலா மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டாள். பதினைந்து வயது. "அம்மா, காஸ்ட்டா? அது இந்தியாவில தானே? அதுவும் ஓல்டன் டேய்ஸ்ல." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "வெயிட். அப்ப நாங்கள் என்ன?"

கறி அடிப்பிடித்துவிட்டது. அதைப் பார்க்கப் போனேன்.

பெப்ரவரி 14, வெள்ளி

ஸ்டேஷன் வாசலில் இதய வடிவப் பலூன்கள். காற்று.

முடிவு வந்தது. வேண்டுமென்று புறக்கணித்ததாகச் சான்று இல்லை. ஆனால் நோயாளி குடிக்காததை உரிய முறையில், எழுத்தில், மேலே அறிவிக்கவில்லை (ஹெலனிடம் வாயால் சொன்னது கணக்கில்லை), காரணம் எழுதவில்லை. ஆகவே எச்சரிக்கை, என் கோப்பில் இருக்கும். குடிநீர் அட்டை நிரப்பும் பயிற்சி திரும்பவும் செய்ய வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, ஒரு கோப்பையில் எத்தனை மில்லிலீற்றர் என்று படிக்கப் போகிறேன். அந்தப் பாடத்தைப் போன வருஷம் நடத்தியது நான்.

மூன்றாம் கட்டிலுக்கு எதுவுமில்லை. எச்சரிக்கைக் கடிதம் இல்லை, ஒரு சொல் இல்லை. "வயோதிபர், டயா. குடும்பமும் மனவருத்தத்தில் இருக்கிறது." போத்தல் எறிந்ததற்காக ஐந்தாம் கட்டிலுக்குக் கொடுத்த மஞ்சள் எச்சரிக்கைக் கடிதம் இன்னும் அவர் மேசையில் இருக்கிறது. அவர் அதை மடித்துக் கண்ணாடி துடைக்கிறார்.

கடைசியாக ஹெலன்: "ஒரு நல்ல விஷயம். இதிலிருந்து நாம் எல்லோரும் கற்றுக்கொள்ளலாம். உங்கள் கலாசாரம் பற்றி நீ ஒரு போஸ்டர் செய்து தருவாயா? உடை, சாப்பாடு, பண்டிகைகள், இந்தச் சாதி விஷயமும் ஒரு மூலையில். நிறமாக, அழகாக. நேரம் ஒதுக்கித் தருகிறேன்."

செய்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது? அபீனா கேட்டதும் சத்தமாகச் சபித்தாள், தன் மொழியில். பிறகு தன் சோற்றில் பாதியைப் போட்டுத் தந்தாள். மருந்து அறையில் ஒரே பெட்டியிலிருந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். காரம் அதிகம். இந்தக் கிழமையில் வயிறு நிறைந்தது அப்போதுதான்.

பெப்ரவரி 17, திங்கள்

மூன்றாம் கட்டில் இன்று வீட்டுக்கு. கடும் குளிர், ஆனால் மழையில்லை.

ஆம்புலன்ஸ் வண்டிக்காரர் இருவர் பத்து மணிக்கே சக்கர நாற்காலியோடு வந்துவிட்டார்கள். கீர்த்தனா பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எல்லா ஊழியர்களுக்கும் என்று பெரிய சொக்லேட் பெட்டி, மேசையில். இன்னும் ஒரு வேலைதான்: கையில் இருக்கும் ஊசியைக் கழற்ற வேண்டும். அதோடு வீட்டுக்கு விட முடியாது.

"அந்தக் கறுப்புப் பிள்ளை எங்க?" என்றார்.

"அவவுக்கு ஊசி கழற்ற அனுமதியில்லை ஐயா."

"வேற நேர்ஸ்?"

"ஒருத்தி சாப்பிடப் போயிட்டா. மற்றவ அடுத்த அறையில, அங்க ஒரு ஆளுக்குக் கடுமை. நான்தான் இருக்கிறன். வேண்டாமெண்டால் வண்டி போயிடும், பிறகு நாளைக்குத்தான்."

வண்டிக்காரன் மணிக்கூட்டைப் பார்த்தான். கீர்த்தனா, "அப்பா, ப்ளீஸ்," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் கையை நீட்டினார். முகத்தை மறுபக்கம் திருப்பி, கண்ணை மூடி.

பிளாஸ்டரை மெல்ல உரித்தேன். கிழவர்களின் தோல் கடுதாசி மாதிரி, அவசரப்பட்டால் கையோடு வரும். ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தேன். ரத்தம் நிற்குமட்டும் பிடிக்க வேண்டும். பிடித்தேன். அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார், நாற்றம் அடிக்கிற இடத்தைக் கடக்கிறவர்போல்.

கட்டி முடித்துக் கையுறையைக் கழற்றிக் குப்பைத் தொட்டிக்குள் போட்டேன். பிறகு கட்டிலுக்கு எதிரே இருக்கிற தொட்டியில் கை கழுவினேன். எல்லா நோயாளிக்கும் பிறகு செய்வதுதான். சவர்க்காரம் போட்டேன், விரல் இடுக்கு, பெருவிரல், மணிக்கட்டு. கொஞ்சம் கூடுதல் நேரம் கழுவினேன் என்பதும் உண்மை.

திரும்பினால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதல் நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தது இதுதான்.

"இப்ப ஏன் கழுவுறாய்?"

தண்ணீரை நிறுத்தினேன். கடுதாசித் துவாய் எடுத்துத் துடைத்தேன்.

"உங்களைத் தொட்டனான் ஐயா."

கட்டுப் போட்ட கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். கழுத்தில் ஒரு நரம்பு எழும்பி நின்றது. கீர்த்தனாவுக்கு அந்த அளவு தமிழ் விளங்கும். அவள் முகம் சிவந்தது. வண்டிக்காரர்கள், "எல்லாம் சரியா, சேர்? போகலாமா?" என்று தள்ளிக்கொண்டு போனார்கள்.

நோகட்டும் என்றுதான் சொன்னேன். நொந்தது. ரயிலில் இருக்க இடம் கிடைத்தது. நல்ல நித்திரை.

பெப்ரவரி 19, புதன்

மழை. ஐந்தாம் கட்டிலுக்குக் காய்ச்சல். மிதுலாவுக்குப் பல் டொக்டர் நாலு மணிக்கு, குகன் கூட்டிப்போவார். திங்கள் நடந்ததைச் சொன்னதிலிருந்து என்னோடு கதைக்கவில்லை, ஆனால் இதற்கு ஓம் என்றார்.

இரண்டாவது முறைப்பாடு. கீர்த்தனா. "வீடு செல்லும் நேரத்தில் அந்தத் தாதி என் தந்தையை அவரது தாய்மொழியில் மிகக் கேவலமாக அவமதித்தார். அவர் அன்றிலிருந்து சாப்பிடவில்லை." கோப்பில் எச்சரிக்கை இருப்பதால் இந்தத் தடவை மேலே போகுமாம். வேலையும் போகலாம்.

ஹெலன் ஒரு வெள்ளைத் தாளைத் தந்தாள். அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னாள், எதையும் மறைக்காமல்.

எழுதினேன். அவர்: இப்போது ஏன் கை கழுவுகிறாய்? நான்: உங்களைத் தொட்டேன், ஐயா. கையெழுத்து வைத்தேன்.

வாசித்தாள். தாளின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். திரும்பவும் வாசித்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"ஆனால், டயா, இது எங்கள் விதி. தொட்டால் கழுவத்தான் வேண்டும். இதில் அந்த மனிதருக்கு நோவதற்கு என்ன இருக்கிறது?"

ஐந்தாம் கட்டிலின் மணி அடித்தது. போய்விட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.